இடம் வலமாகிப்போன நிலம்

அபிராமபுரத்தில் வீடுகளுக்கு வரைபடம் போடும் ஓர் ஆபீசில் பதினெட்டு வருஷமாக மாடல் செய்கிறேன். மேடம் வரைவார், நான் அதை அட்டையில் சின்னதாகக் கட்டிக் காட்டுவேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. எனக்குக் கை ஓடும், வாய் ஓடாது.

இந்த வருஷம் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு குடும்பத்துக்குக் கிராமத்தில் வீடு. மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: அந்த நிலத்தில் ஒரு கூடை மண்ணைக்கூட இடம் மாற்றக் கூடாது. மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் இருக்கும். வீடுதான் வளைந்துகொடுக்க வேண்டும். அதனால் முதலில் நிலத்தை மட்டும் செய்தேன். அளந்தவர் கொடுத்த தாளில் ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளாக இழுத்திருப்பார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அட்டை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் நிலம் வந்துவிடும்.

அட்டையின் நல்ல முகத்தில் பசை படாமல் இருக்க, தாளைப் பின்புறம் ஒட்டித்தான் வெட்டுவேன். வெட்டியதைத் திருப்பினால் இடம் வலமாகிவிடும் என்பதால், கண்ணாடியில் தெரிவதுபோல் தாளை மாற்றி அச்சடித்து வாங்குவது வழக்கம். அந்த முறை கடை பூட்டியிருந்தது. ஆபீஸ் மெஷினிலேயே அடித்தேன். தாள் நேராக வந்தது. அதிலிருந்த எழுத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் எழுத்தைப் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்ப்பேன். நிலம் ஏறக்குறையச் சதுரம், சரிவும் மெல்லியது. யார் கண்ணையும் அது உறுத்தவில்லை. மரங்களையும் கிணற்றையும் மட்டும் வரைபடத்தைப் பார்த்துச் சரியான இடத்தில் நட்டேன்.

மேடம் அந்த மாடலை மேஜையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் யோசித்தார். தெர்மாகோல் துண்டுகளை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் வேப்பமரத்தை ஒட்டி, மேட்டில் வீட்டை வைத்தார். ஆபீசே வந்து பார்த்துப் பாராட்டியது.

மரங்களின் உயரம் குறித்து வர என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்கு அனுப்பினார்கள். மேடம் பார்த்தபோது அங்கே ஒரே முள்புதர். இப்போது சுத்தம் செய்திருந்தார்கள். முந்தின நாள் மழை. வேப்பமரத்தடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேலேயிருந்து இன்னும் மெல்ல ஊர்ந்து வந்து, அந்த வழியாக ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மாடலில் அதுதான் மேடு. தாளை மாற்றி அச்சடிக்காமல் ஒட்டியது அப்போதுதான் உறைத்தது. நிலம் பார்க்க வந்திருந்த வீட்டுக்காரம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரின் ஓரமாகவே நின்று, "இங்கதானே ஹால்?" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்த வாரம் முழுக்க மேடத்தின் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். ஒரு தடவை, "என்ன வேணும்?" என்று அவரே கேட்டார். "பிளேடு தீந்துபோச்சு மேடம்" என்றேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் குடும்பம் சம்மதம் சொல்ல வருகிறது. அதன்பிறகு இன்ஜினியர் கைக்குப் போய்விடும். அவர் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்ததும் லாரி லாரியாக மண்ணடித்துப் பள்ளத்தை மூடுவார். வீடு நிற்கும். தண்ணீர் எங்கே போகும்?

வெள்ளிக்கிழமை சைதாப்பேட்டையில் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன்.

"இன்னாயா, சோத்துல கோலம் போட்டுக்கினு கீறே?" என்றாள் மனைவி.

சொன்னேன்.

"அத்த போய் அந்தம்மாகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"வேல பூடுமே."

"வாயத் தொறந்தா முத்து உதுந்துடும் உனுக்கு. பேச வரலன்னா கையில காட்டேன். அதுதான நல்லா வருது."

சனிக்கிழமை ஏழு மணிக்கே ஆபீசைத் திறந்தேன். நிலத்தின் ஐந்து அட்டைகளையும் புதிதாக வெட்டினேன். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபிறகே பிளேடை வைத்தேன். ஒட்டி முடித்து, மரங்களை நட்டு, வேப்பமரத்தருகே மேடத்தின் வீட்டை எடுத்து வைத்தேன். அது உட்காரவில்லை. ஒரு மூலை தரையைத் தொட்டது, எதிர்மூலை விரலளவுக்கு அந்தரத்தில் நின்றது.

மேடம் பத்தே காலுக்கு வந்தார். "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இதுதான் மேடம் நிலம்."

"அப்ப அது?"

"தப்பா ஒட்டிட்டேன். வேப்பமரத்தடி பள்ளம். போன வாரம் அங்க தண்ணி நின்னுச்சு. பாத்துட்டு வந்தேன்."

"போன வாரமே தெரியுமா? ஆறு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா?" மேடம் இப்படிக் கத்தி அதுவரை நான் கேட்டதில்லை. வீட்டை எடுத்து இங்கும் அங்கும் வைத்துப் பார்த்தார். எங்கேயும் பொருந்தவில்லை. அதற்குள் அந்தக் குடும்பம் படியேறி வந்துவிட்டது.

"அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார் மேடம்.

நான் செய்த தப்பை அட்டையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். வீட்டுக்காரம்மா முகம் வாடியது. "அப்ப மரத்தடியில வீடு வராதா?"

"வராதும்மா. அங்க தண்ணி வரும்."

"மண்ணடிச்சு ஏத்திடலாமே, நாலு லோடுல முடிஞ்சுடும்" என்றார் கணவர்.

"ஏத்துனா தண்ணி பக்கத்து வயல்ல ஏறும் சார்." நான்தான் சொன்னேன். மேடம் திரும்பிப் பார்த்தார்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

பத்து நாள் கழித்து மேடம் புதுத் தாளைக் கொடுத்தார். வீடு இரண்டாகப் பிரிந்து பள்ளத்தின் இரு கரையிலும் நிற்க, நடுவே ஒரு நடைபாலம். மாடல் செய்து முடித்தாகிவிட்டது. மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. முன்போல் பேசவும் இல்லை. அந்தக் குடும்பம் இன்னும் பதில் சொல்லவில்லை. வேறு யாரிடமாவது போய், மண்ணடிக்க ஏற்பாடு செய்கிறார்களோ என்னவோ. ஆபீஸ் போன் அடிக்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பிளேடைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன்.