உப்பு கூடிய ஞாயிறு

பேக்கரியில் என் சித்தப்பாவை மாஸ்டர் என்பார்கள். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் 'சூடு'. கையில் இருப்பது குடிக்கிற தண்ணீரோ மடித்த துணியோ, யாரையாவது தாண்டிப் போகும்போது "சூடு, சூடு" என்று குரல் கொடுத்துக்கொண்டேதான் போவார். ஆலயத்தில் ஒருமுறை பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டும்போதும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். வாங்க வந்த தையல்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அன்றைய ஜெபத்தில் பாதி வரிசை தலை குனிந்திருந்தது பக்தியால் அல்ல, சிரிப்பை அடக்குவதற்காக.

அவருடைய அந்தப் பழக்கத்துக்குக் காரணம் என் அப்பாவின் வலது கை.

அப்போது எனக்கு இரண்டு வயது. அப்பாதான் அந்த பேக்கரியின் மாஸ்டர். சித்தப்பாவுக்குப் பத்தொன்பது. அடுப்பு இருந்த அறை ஒடுக்கமானது. நான்கு பேர் முதுகோடு முதுகு உரசி நிற்க வேண்டும். அதனால் அங்கே ஒரே ஒரு சட்டம். அடுப்பிலிருந்து இரும்புத் தட்டை இழுப்பவன் 'சூடு' என்று கத்திவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒருநாள் காலையில் சித்தப்பா கத்தாமல் திரும்பினார். மாவுப் பலகையோடு தடுமாறிய அப்பா பிடிமானத்துக்காகக் கையை நீட்டினார். கை ஊன்றிய இடம் அந்தத் தட்டு.

நான்கு விரல்களும் உள்ளே மடங்கிய வாக்கில் நின்றுவிட்டன. மாவு பிசைய முடியாத கையோடு அப்பா பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலைக்குப் போனார். போகிறதற்கு முன்னால், கட்டுப் போட்ட கையோடே முதலாளியிடம் போய், தன் இடத்தைத் தம்பிக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். "சின்னப் பையன், மறந்துட்டான்" என்று எல்லோரும் சொன்னார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

"அந்தச் சூடு மட்டும் படலேன்னா நான் பள்ளிக்கூட வாசலை மிதிச்சிருப்பேனா, இவன்தான் காலேஜுக்குப் போயிருப்பானா?" என்று அப்பா அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவன் நான். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தச் சமாதானம் சித்தப்பாவின் காதோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆலயத்தில் திருவிருந்து. அதற்கான ரொட்டி சித்தப்பாவின் கையால்தான் வரும். சனிக்கிழமை சாயங்காலம், கடை மாவு எதையும் சேர்க்காமல், தனியாகப் பிசைந்து, தனியாகச் சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பார். உருண்டையாக, மேலே லேசாக வெடித்து, தேன் நிறத்தில் இருக்கும். போதகர் அதை உயர்த்திப் பிட்கும்போது மேலோடு முறிகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ஊரை விட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும், எந்த பேக்கரி வாசலைத் தாண்டினாலும் அந்தச் சத்தத்துக்காக என் காது ஒரு நிமிடம் நின்றுதான் நகர்கிறது.

அந்த ரொட்டியைச் சித்தப்பா மட்டும் சாப்பிட்டதே இல்லை. ஆளுக்கொரு துண்டு வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் வெளியே நழுவிவிடுவார். கேட்டால் பல்வலி என்பார். அடுத்த மாதம் சைக்கிளைப் பூட்டவில்லை என்பார். "உங்க சைக்கிளைத் திருடுறவன் அதைத் தள்ளிக்கிட்டே போகணும் தம்பி, பாவம்" என்பாள் அம்மா. கூச்ச சுபாவம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிறு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவ்வளவுதான் அவருடைய குடும்ப வாழ்க்கை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது ஒரு சனிக்கிழமை, ரொட்டியை வாங்கிவர அப்பாவே பேக்கரிக்குப் போனார். பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்த அடுப்பறை வாசலில் நின்றார். சித்தப்பா மாவில் உப்புப் போட்டுக்கொண்டிருந்த நேரம். அண்ணனைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், போட்டது மறந்து மறுபடியும் போட்டார். முழு ரொட்டியாகத்தான் திருவிருந்து மேசைக்குப் போக வேண்டும் என்பதால் அதை யாரும் பிய்த்து ருசி பார்ப்பதும் இல்லை.

மறுநாள் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். நாக்கு சுருண்டது. போதகர் ஒரு கணம் கண்ணை மூடியதை ஜெபம் என்றே பலர் நினைத்தார்கள். தையல்காரர் திராட்சரசக் கிண்ணம் இன்னொரு தடவை வருமா என்று ஏக்கமாகப் பார்த்தார். ஆனால் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு துண்டும் மிஞ்சவில்லை.

மதியம் சாப்பாட்டில் அம்மா சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தாள். "என்ன தம்பி, கடலையே கரைச்சு ஊத்திட்டீங்களா?"

சித்தப்பா சிரிப்பார் என்றுதான் நினைத்தோம். அவர் தட்டை மெல்லத் தள்ளிவைத்தார்.

"அண்ணா, நான் அன்னைக்கு மறக்கல."

என்ன பேச்சு இது என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது.

"மாவு பொங்கலைன்னு காலையில எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டுன. உன்கூடப் பேசவே கூடாதுன்னு இருந்தேன். தட்டை இழுக்கும்போது நீ பின்னாடி நிக்கிறது தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

அப்பா இடது கையால் கரண்டியைப் பிடித்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"அன்னைக்கே. அடுப்படியில நிக்கிறவன் அதை மறப்பானாடா? மூச்சு விட மறப்பானா?"

"தெரிஞ்சுமா எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த? தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சோறு போட்ட?"

"சோறு போட்டது நான்" என்றாள் அம்மா. அவள் குரலிலும் ஆச்சரியம் இல்லை.

அதன் பிறகுதான் மீதியும் வந்தது. இத்தனை வருடமும் அவர் ஒரு அடிக்காகக் காத்திருந்திருக்கிறார். கடவுள் கணக்கு வைத்திருப்பார், என்றைக்காவது தீர்ப்பார் என்று. பெண்டாட்டி பிள்ளை வந்தால் அடி அவர்கள் மேல் விழும் என்று கல்யாணம் செய்யவில்லை. பரிசுத்த பந்தியில் இந்தக் கையை நீட்டினால் அங்கேயே விழும் என்று வெளியே ஓடியிருக்கிறார். இப்போது அந்த மேசையையே உப்பாக்கிக் கெடுத்தாயிற்று. இனி தப்ப முடியாது.

"நீ மன்னிச்சிட்டண்ணா. அவரு?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சும் நானே உன்னைக் கைவிடல. அவர் என்ன, என்னைவிடச் சின்ன மனசுக்காரரா?"

அம்மா சித்தப்பாவின் தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். "அடிக்கணும்னு காத்திருக்கிறவர், மாசா மாசம் உங்க கையால செஞ்சதையா தன் மேசையில வச்சுக்குவாரு? சாப்பிடுங்க தம்பி, ஆறுது."

அவர் சாப்பிட்டார். கண்ணீர் விழுந்த சோற்றையும் சேர்த்துத்தான். நானோ, வாங்கப்போகும் பட்டம் எதுவும் உதவாத ஒரு இடத்தில் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் அவர் உப்பு அளந்தபோது அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஞாயிறு, எல்லோரும் எழுந்தோம். சித்தப்பா வாசல் பக்கம் பார்த்தார். வெளியே ஓடவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பா திரும்பி வந்து அந்த மடங்கிய கையை அவர் முன்னால் நீட்டினார். பின்னால் வரிசை நின்றுபோனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. சித்தப்பா இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மண்டியிட்டு வாங்கிய துண்டை வெகுநேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். போதகர் அடுத்தவருக்குக் கொடுக்கப் போகாமல் அங்கேயே நின்றார். பிறகு சித்தப்பா அதை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெல்ல மென்றார்.

இடத்துக்குத் திரும்பியதும் அப்பாவின் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது.

"அண்ணா, உப்பு சரியா இருக்கு."

"போன மாசத்தை விட்டா, பதினெட்டு வருஷமாவே சரியாத்தான்டா இருந்துச்சு" என்றார் அப்பா.