ஆல்பத்தில் இல்லாத படம்

போன வருஷம் மழைக்காலம் தொடங்கிய நேரம். பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கோயில் மேட்டுப் பாறையில் குடையும் போனுமாக நின்றிருந்தேன். எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவராக வரிசையாய்க் கட்டிய தொழிலாளர் வீடுகளில், வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் அந்தப் பாறைக்குத்தான் ஏற வேண்டும். கீழே நின்று பேசினால் பாதி வார்த்தை காற்றோடு போய்விடும். கனடாவிலிருந்து என் மனைவி போன் எடுத்திருந்தாள். எப்போதும் "சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பிப்பவள் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"விசா ஆபிஸ்ல இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. நம்ம கல்யாணம் நெசமான கல்யாணமான்னு அவங்களுக்குச் சந்தேகமாம். முப்பது நாளைக்குள்ள இன்னும் ஆதாரம் அனுப்பணுமாம்" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அக்கினியை வலம் வந்து, நானூறு பேருக்குச் சோறு போட்டு, பதிவும் செய்த கல்யாணம். அது பொய்யா? பாறையில் நின்று நான் கத்திய கத்தலில் கோயில் பூசாரி வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். என் மனைவி ஹட்டனில் பிறந்தவள், பதினாலு வயதில் குடும்பத்தோடு கனடா போய்விட்டாள். உறவுக்காரர்கள் மூலம் சம்பந்தம் பேசி, ஒரு வருஷம் போனிலேயே பேசிப் பழகி, பிறகு கல்யாணம். அவள் அப்பாவுக்குச் சிறுநீரக வியாதி. அவரை விட்டு யாரும் நகர முடியாததால் அவள் மட்டும் மூன்று வார லீவில் வந்தாள். தாலி கட்டிக்கொண்டு திரும்பியதும் என்னை அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டாள். ஒரு வருஷத்துக்குள் கிடைத்துவிடும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, நுவரெலியாவுக்குப் போய்த் தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கி வைத்தேன். லயத்தில் மூன்று வீட்டில் எனக்கு வழியனுப்பு விருந்து முடிந்துவிட்டது. பக்கத்து காம்பரா அக்கா, அதாவது ஒரு சுவர் தள்ளி அடுத்த வீட்டில் இருப்பவர், கனடாவுக்குக் கொண்டு போகச் சொல்லி நல்ல தேயிலைத் தூள் பார்சல் ஒன்று கட்டிக் கொடுத்தார்.

ஆனால் நான் போகவில்லை. மாதங்கள்தான் போயின. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்பார், "இன்னும் போகலையா மாஸ்டர்?" கடைக்காரர் கேட்பார். படிக்கிற பிள்ளைகளின் அப்பாமார் கேட்பார்கள். ஊரில் புருஷன் வெளிநாட்டிலும் பெண்டாட்டி வீட்டிலும் காத்திருப்பதுதான் வழக்கம். எங்கள் கதை தலைகீழ் என்பதால் கிண்டலுக்கும் குறைவில்லை. கடைசியில் அந்தக் கண்டக்டருக்குப் பயந்தே ஆறு மணி பஸ்ஸுக்கு மாறினேன். தினமும் பாறைக்கு ஏறி, விண்ணப்ப நிலை என்ன என்று போனில் பார்ப்பேன். என்றைக்குப் பார்த்தாலும் பரிசீலனையில் என்றுதான் இருக்கும். அந்த நேரத்தில்தான் இந்தக் கடிதம்.

கோபம் ஆறிய பிறகு, விண்ணப்பத்தோடு அனுப்பிய படங்களை நானும் மனைவியும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நாற்பது படம். நுவரெலியா ஏரிக்கரையில் நாங்கள் இருவர், பூங்காவில் இருவர், ஹட்டன் மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக இருவர். ஒன்றில் என் அம்மா ஓரமாக நிற்கிறார். வேறு மனிதர்களே இல்லை. வீடு இல்லை, வாசல் இல்லை. மனைவியின் குடும்பத்திலும் யாரும் வரவில்லை. எங்களைத் தெரியாத ஒரு அதிகாரி அதைப் பார்த்தால், வாடகை உடுப்பில் படம் பிடித்துக்கொண்டு போன ஜோடி என்றுதான் நினைப்பார். அவர் மேல் என்ன தப்பு?

தப்பு என்னுடையது. இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நான் லயத்தில் பிறந்தவன். தகரக் கூரை, புகை படிந்த சுவர், வாசலை ஒட்டி ஓடும் சாக்கடைக் கான். மனைவியின் உறவுக்காரர்கள் கனடாவில் அந்த ஆல்பத்தைப் பார்க்கும்போது இதெல்லாம் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தேன். போட்டோக்காரத் தம்பியிடம், லயத்துப் பக்கமே வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

கல்யாணத்தன்று எங்கள் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், பக்கத்து காம்பரா அக்கா முன்னால் வர, பரிசுப் பெட்டியோடு மேடை ஏறினார்கள். அக்கா கொழுந்து பறிப்பவர். அன்றைக்கென்று புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். "அக்கா, கொஞ்சம் கீழ நில்லுங்க. வீட்டுக்காரங்க போட்டோ முடியட்டும், கூப்பிடுறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் பிறகு கூப்பிடவே இல்லை. பரிசை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, வந்த லொறியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் மனைவிக்குத் தெரியாது. பாறையில் நின்று அன்றைக்குத்தான் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் சொன்னாள், "பக்கத்து காம்பரா அக்காகிட்ட கேளுங்க. தாத்தா தவறின அன்னைக்கு அவங்க போன்ல நெறைய எடுத்தாங்க. அதுல நான் இருக்கேன்."

அந்தத் தாத்தா அக்காவின் மாமனார். எங்கள் கல்யாணம் முடிந்து ஐந்தாம் நாள் தவறிப்போனார். மஞ்சள் ஈரம் காயாத தாலியோடு புதுப்பெண் இழவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று அம்மா தடுத்தார். நானும் தடுத்தேன். மனைவி கேட்கவில்லை.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுரு. அழுகுற சத்தம் நம்ம வீட்டுக்குள்ளதான் கேக்குது. இதுல போறது என்ன, போகாதது என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுவதும் அவள் அங்கேதான் இருந்தாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல் கடுங்கோபம். சாயங்காலம் சவப்பெட்டி தூக்கும் வரை அவளோடு பேசவில்லை. எங்கள் பக்கம் இழவு வீட்டிலும் படம் எடுப்பார்கள், வர முடியாத சொந்தங்களுக்கு அனுப்ப வேண்டுமே. தாத்தாவுக்கு ஒரே மகன், அக்காவின் புருஷன். அவர் கட்டாரில் வேலை செய்கிறார். அப்பாவின் சாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவருக்காகத்தான் அக்கா தன் போனைச் சொந்தக்காரப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துப் படம் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

இப்போது அந்தப் படங்களைக் கேட்க வேண்டும். நான் மேடையிலிருந்து இறக்கி விட்டவரிடமே போய், உங்கள் வீட்டுச் சாவுப் படத்தைக் கொடுங்கள், எனக்கு விசா வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? முப்பது நாளில் ஆறு நாள் அதிலேயே போனது. அக்காவின் வாசல் வரை போவேன், மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். எனக்கும் அவருக்கும் நடுவே இருந்தது ஒரு சுவர்தான்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், மேடை விஷயத்தையும் சேர்த்து. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கீரையை விட்டுக் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எறங்கச் சொன்னீங்களே தம்பி, அது இன்னும் மனசுல கெடக்குது. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா எங்க மாமா செத்த அன்னைக்கு ஒங்க சம்சாரம் என்னைய விட்டு நகரல. அந்தப் புள்ளைக்காகத் தாறேன்."

பரவாயில்லை தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவர் சொல்லவில்லை.

ஆனாலும் இது தன் புருஷனுடைய அப்பா, அவரைக் கேட்காமல் தர முடியாது என்றார். இருவருமாகப் பாறைக்கு ஏறினோம். அக்கா கட்டாருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னார். அவர் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அங்கே வெயிலில் எங்கோ வேலைத்தளத்தில் நின்றிருந்தார், பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம். என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அப்பாவின் முகம் படத்தில் தெரியும், அந்நியர்கள் பார்ப்பார்கள், உங்களுக்குச் சங்கடமில்லையா என்று கேட்டேன்.

"எங்கப்பா கொழும்பக்கூடப் பாத்ததில்ல தம்பி. அவரு போட்டோவாச்சும் கனடாவுக்குப் போகட்டும்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் புரியவில்லை.

இறங்கி வரும் வழியில், அண்ணன் போய் எத்தனை வருஷமாகிறது என்று கேட்டேன். ஒரே சுவர்தான் என்று சொன்னேனே, இத்தனை நாளில் ஒருமுறைகூட நான் அதைக் கேட்டதில்லை. எட்டு வருஷம் என்றார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாதம் வந்து போவாராம். குடும்பத்தை அழைத்துக்கொள்கிற சம்பளமும் இல்லை, அப்படியொரு விசாவும் அந்த வேலைக்கு இல்லை.

"ஒங்களுக்காவது ஒரு ஃபைல் நம்பர் இருக்கு, பாத்துக்கிட்டே இருக்கீங்க. எங்களுக்கு எந்த நம்பரும் இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. படியில் வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்பதையும் அதே குரலில்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தோம். ஒன்றில் பெட்டிக்குப் பக்கத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நிற்கிறாள், அழுது வீங்கிய முகம். இன்னொன்றில் லயத்துக்குப் பின்னால் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் மற்றப் பெண்களோடு பாத்திரம் கழுவுகிறாள். அடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படியொரு படம் எடுத்ததே எனக்குத் தெரியாது. பெட்டி தூக்கப் போகும் நேரம், மழை. தாத்தா தினமும் என்னை மாஸ்டர் என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். தோள் கொடுக்கக் குனிந்தபோது நான் அழுதிருக்கிறேன். மனைவி முந்தானையால் என் முகத்தைத் துடைக்கிறாள். நான் அவளைப் பார்க்கிறேன். பின்னால் எங்கள் லயம் முழுவதும் தெரிகிறது. கூரை, சுவர், கான், குடை பிடித்து நிற்கிற அத்தனை ஜனமும். ஆல்பத்தில் இருக்கிற நாற்பது படத்திலும் நாங்கள் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

படங்களோடு ஒரு விளக்கக் கடிதமும் வேண்டுமென்றாள் மனைவி. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாள். "நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அதைக் காட்ட வெட்கப்பட்டேன். அதனால்தான் முதலில் அனுப்பிய படங்களில் என் வீடும் என் ஜனங்களும் இல்லை" என்று எழுதினேன். பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக் கொடுக்கிறவன்தான், அந்த மூன்று வரிக்கு ஒரு இரவு ஆனது. மனைவி அதை ஆங்கிலத்தில் எழுதினாள். அக்காவும் லயத்தில் வேறு ஐந்து பேரும், இவர்கள் புருஷன் பெண்டாட்டியாக எங்கள் நடுவில் வாழ்ந்ததைக் கண்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியவர்கள்தான் அத்தனை பேரும்.

அனுப்பிய பிறகும் ஐந்து மாதம் காத்திருந்தோம். ஆனால் அந்த ஐந்து மாதம் முந்தியதைப் போல் இல்லை. பழைய பஸ்ஸுக்கே திரும்பிப் போனேன். இன்னும் போகலையா என்று கண்டக்டர் கேட்டால், நீங்கள் டிக்கெட் தந்தால் இப்பவே போகிறேன் என்று நானும் சிரிப்பேன். சாயங்காலங்களில் அக்காவும் நானும் சேர்ந்தே பாறைக்கு ஏறுவோம். முதலில் அவர் பேசுவார், பிறகு நான்.

விசா குத்தப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்த அன்று அக்கா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். ரோட்டிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னேன். பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இந்தத் தடவ நெசமாத்தானே தம்பி?" என்று கேட்டார் அக்கா. "அப்பக் குடுத்த தூளத் திருப்பிக் குடுங்க, பழசாயிருக்கும். புதுசு கட்டித் தாறேன்." மலை முழுக்கச் சிரிப்பு.

புறப்படுவதற்கு முதல் நாள் எங்கள் வாசலில், கானும் கூரையும் தெரிய, லயத்து ஜனம் எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்தோம். அக்காவை நடுவில் நிறுத்தினேன். கட்டாரில் இருக்கிற அண்ணனுக்கு அதை அவரே அனுப்பினார். கல்யாண ஆல்பம் பயணப் பெட்டியின் எடைக்கு அடங்கவில்லை, அம்மாவின் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கனடாவில் என் முதல் பனிக்காலம். அந்த நுவரெலியா ஜாக்கெட் இந்தக் குளிருக்கு மூக்குத் துடைக்கத்தான் ஆகும். இங்கே என்னைப்போல் ஸ்பான்சரில் வந்தவர்கள் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வியே, உங்களுக்கு எத்தனை மாதம் எடுத்தது என்பதுதான். ஒன்றரை வருஷம் என்று பெருமூச்சோடு சொல்ல நானும் வாயைத் திறக்கிறேன். அப்போதெல்லாம், எந்த நம்பரும் இல்லாமல் ஒன்பதாவது வருஷமாக அந்தப் பாறைக்கு ஏறிக்கொண்டிருக்கிற அக்காவின் ஞாபகம் வந்துவிடுகிறது. கொஞ்ச நாள்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.