கோட்டைத் தபால்தலையின் பின்பக்கம்

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய உறைத்துண்டிலிருந்து நீல மை புகைபோலக் கலைந்து இறங்க, தபால்தலை மெல்ல நழுவி என் விரலோடு வந்தது. அதில் மணல்மேட்டின் மேல் தனியாக நிற்கும் ஒரு பழங்காலக் கோட்டை. ஒரு மரம்கூட இல்லாத அந்தப் பாலைவனத்தில் யாரோ அத்தனை உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளிக்கு வரும் ஸ்டெல்லாவின் தபால்தலை நோட்டில்கூட அப்படியொன்று கிடையாது. ஐம்பதுகளின் கடைசி, எனக்குப் பத்து வயது.

அரபு நாட்டு ஏடனில் ஒரு கடையில் வேலை பார்த்த எங்கள் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி அத்தா, அப்போதுதான் அதை விட்டு, பாலைவனத்துக்குள் தள்ளியிருந்த ஊரில் வேறொரு முதலாளியிடம் சேர்ந்திருந்தார். "புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது" என்று அவர் எழுதியிருந்ததை, படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான். இருந்தும் தபால்தலை இருந்த மூலையைக் கத்தரித்தேன். பின்னால் பாதி விலாசம் மிஞ்சுகிறதே, போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் பாலக்கரையில் எங்கள் தெருவுக்கு "விஷக்காய்ச்சல்" வந்தது. நான்கு வயதுத் தம்பி கரீம் படுத்துவிட்டான்.

"அத்தாவுக்கு ஒடனே எழுதும்மா, வரச் சொல்லு" என்றாள் அம்மா.

உறையை எடுத்துப் பார்த்தேன். ஊர்ப்பெயர் இருந்த மூலையே இல்லை; அது தபால்தலையோடு தண்ணீரில் ஊறிக் கரைந்துபோயிருந்தது. சொல்லப் பயந்து, பழைய கடை விலாசத்துக்கே எழுதிப் போட்டேன். பன்னிரண்டாம் நாள் கரீம் "மவுத்தானான்". அவனைத் தாய்மாமாதான் இரு கைகளிலும் ஏந்தி அடக்கத்துக்குக் கொண்டுபோனார். அந்தச் செய்தியையும் அதே பழைய விலாசத்துக்கே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அத்தாவின் கடிதம் வந்தது. அம்மா முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். "கரீமின் கையைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு அனுப்பவும். எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும்."

"அவருக்கு இன்னும் தெரியாதா?" என்றாள் அம்மா.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு தாளும் பேனாவும் எடுத்துவரச் சொன்னாள்.

"வெலாசம் தொலஞ்சு போச்சுன்னு எழுது. நீ வெட்டுனத எழுதாத."

"கையளவு கேட்டிருக்காரே, அதுக்கு என்னம்மா எழுதறது?"

"அதுக்கு ஒண்ணும் எழுதாத."

மறு ஆண்டு அத்தா திரும்பி வந்தார். விலாசம் எப்படித் தொலைந்தது என்று அவர் கேட்கவுமில்லை, அம்மா சொல்லவுமில்லை. இன்று இருவருமே இல்லை. கரீமைப் புகைப்படம் எடுக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. அவனைப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். எனக்கும் இப்போது அவன் குரல்தான் கொஞ்சம் கேட்கிறது, முகம் வருவதில்லை.