எதிர் மூலையில் நைனா

மாலை ஐந்து நாற்பதுக்குச் செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கடலை வறுக்கும் வண்டி. அந்த வாசனையில், கடலை உடைக்கும் இடமாக இருந்து இப்போது செல்போன் கடையாகிவிட்ட எங்கள் மல்லாட்டைக் கொட்டகை திரும்பி வந்தது. கடலைத்தோல் அடைத்த சாக்கு உத்தரத்தில் தொங்கும், குத்துக்குக் குத்து தூசு கொட்டும், குத்தியவளும் சொல்லிக்கொடுப்பவரும் சேர்ந்து தும்முவார்கள்.

அங்கே குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும், யார் பெரிய ஆள் என்ற தகராறில் பேச்சே இல்லை. பெற்ற பெண்ணை அடிவாங்க அனுப்ப மனசு வராது என்பதில் மட்டும் ஒற்றுமை. அதனால் நான் சித்தப்பாவிடமும், அவர் மகள் செல்வி நைனாவிடமும் கற்றோம்.

மாவட்டப் போட்டிக்கு ஒருத்திதான் போகலாம் என்று அனந்தபுரத்தில் எங்கள் இருவரையும் மோதவிட்டார்கள். கடைசிச் சுற்றில் என் கை தாழ்ந்தது. எதிர் மூலையிலிருந்து நைனா கத்தினார்.

“கையத் தூக்குடி!”

தூக்கினேன். செல்வியின் குத்து என் கையுறையில் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பினாள்.

“பெரிப்பா, நீ இன்னா என் ஆளா, அவ ஆளா?”

பதில் வருவதற்குள் நான் குத்திவிட்டேன். என் மூலையில் நின்ற சித்தப்பா அலறினார்.

“ஏய், பாத்துடி, எம் பொண்ணு!”

நான் தேர்வானேன். திரும்பும் பஸ்ஸில் நைனா செல்வி பக்கத்தில் உட்கார்ந்தார்.