வாறன் என்று சொன்னவர்

லண்டனில் சட்டன் என்ற ஊரின் பெற்றோல் ஷெட்டில், கண்ணாடிக்குப் பின்னால் காசு வாங்கிக்கொண்டிருந்த ஜம்புநாதனை அந்த ஊரில் பலருக்கும் முகந்தெரியும், பேர் தெரியாது. திருகோணமலையிலும் அவருக்கு எண்ணெயோடுதான் வேலை. வெள்ளைக்காரன் இரண்டாம் உலக யுத்தகாலத் தேவைக்கென்று காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன பெரிய எண்ணெய்த் தாங்கிகள் அங்கே நிரைநிரையாக நின்றன. பெரும்பாலானவை வெறுமையாகத் துருப்பிடித்துக் கிடந்தன. எண்ணெய் இருந்த சிலவற்றில் கோல் விட்டு மட்டம் பார்ப்பது அவர் வேலை. வெறுந்தாங்கியில் தட்டினால் கோயில் மணிபோல நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கும் என்பார்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு அவர் லண்டனுக்கு வந்தார். மனைவி தவநாயகி துறைமுகம் தெரியும் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. அவர் காலூன்றியதும் அவளைக் கூப்பிடுவது என்பதுதான் பேச்சு.

எண்பத்து ஏழில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்தபோது, லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசை முழுக்க அதே கதைதான். இந்தியாவின் நலனுக்குக் கெடுதலாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டுக்கும் கொடுப்பதில்லை. எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் சேர்ந்து திருத்துவது. தான் தட்டிப் பார்த்த தாங்கிகளைப் பற்றி இரண்டு நாட்டுத் தலைவர்கள் ஒப்பந்தத்தோடு கடிதமும் எழுதிக்கொண்டார்கள் என்பது ஜம்புநாதனுக்கு நம்பமுடியாத பெருமையாக இருந்தது.

கப்பல் கம்பனியொன்றில் கணக்காளராக இருந்த சிங்கப்பூர்க்காரர் இளங்கோவன் சோற்றைப் பிசைந்தபடி சீண்டினார்.

"உங்க துறைமுகம் மட்டும் எங்ககிட்ட இருந்திருந்தா, உலகத்தையே வாங்கியிருப்போம் அண்ணே. நாங்களும் சுண்டைக்காய் நாடுதான். ஆனா எல்லாக் கப்பலையும் கூப்பிடுவோம், சாவியை யாருக்கும் குடுக்கமாட்டோம்."

"எங்களிட்டைச் சாவியே இல்லையே தம்பி. நாங்களும் வோட்டுப் போட்டு ஆக்களை அனுப்பிறம். தேயிலை வாங்கிறவனையும் பகைக்க ஏலாது, கடன் தாறவனையும் பகைக்க ஏலாது. அமெரிக்கன் ஒரு பக்கத்தாலை, இந்தியன் ஒரு பக்கத்தாலை வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்கிறான்" என்றார் ஜம்புநாதன்.

"அதான் சொல்வாங்களே, இளைத்தவன் பெண்டாட்டி எல்லாருக்கும் மச்சினின்னு!"

வரிசை முழுதும் சிரித்தது. ஜம்புநாதனும் சிரித்தார். சிரித்த பிறகு சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். தவநாயகி அங்கே தனியாக இருக்கிறாள்.

ஆனாலும் அவர் நம்பினார். பெரிய நாடு கையெழுத்து வைத்திருக்கிறது. தாங்கிகளைத் திறந்தால் வேலை தெரிந்தவர்கள் வேண்டும். அவளைக் கூப்பிடுவதா, தான் திரும்புவதா என்று தெரியாமலே வருடங்கள் போயின. தாங்கிகள் திறக்கவில்லை. இந்தியப் படையும் புலிகளும் சண்டை பிடித்தார்கள். தொண்ணூறு மார்ச்சில் ஒரு ஞாயிறு இளங்கோவன் ஷெட்டுக்கே வந்து, "இந்திய ஆர்மியோட கடைசிக் கப்பலும் கிளம்பிடுச்சு அண்ணே, உங்க துறைமுகத்திலிருந்துதான்" என்றார்.

அதற்குப் பிறகு ஜம்புநாதன் தாமதிக்கவில்லை. வீட்டுக்காகக் கவுன்சிலுக்கும் விசாவுக்காக வக்கீலுக்கும் அலைந்தார். தவநாயகி கொழும்புக்குப் போய் விசாவை எடுத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான் மிச்சம். ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு, ரயில் நிலையத்துப் போன் பெட்டிக்குள் நின்று அழைத்தார். ஊரில் பக்கத்து வீட்டு றோஸ்மலர் அக்காவிடம்தான் போன் இருந்தது. அவர் தவநாயகியைக் கூட்டி வருவதற்குள் போன் கார்டில் பாதிக் காசு கரைந்துவிட்டது.

"இஞ்சரும், கேக்குதோ? எல்லாம் சரி. கொழும்புக்கு வெளிக்கிடும்."

"வீட்டை என்ன செய்யிறது? தாங்கி திறக்கிற கதை இன்னும் இருக்குதாம். நீங்கள் வந்தா உங்களைத்தான் முதல் வேலைக்கு எடுப்பினம்."

"ஆர் திறக்கிறது? திறக்க வந்தவன் கப்பலேறிட்டான்!"

"அப்ப நான் தனியவோ கொழும்புக்குப் போறது? வழியெல்லாம் பயமாக் கிடக்கு. நீங்கள் ஒருக்கா வந்து கூட்டிக்கொண்டு போங்கோவன்."

அந்த வார்த்தைகள் அவர் காதுக்கு முழுசாக வந்து சேரவில்லை. கொழும்பு என்பது மட்டும் கேட்டது. கார்டு முடியப்போவதாகப் போன் கீச்சிட்டது.

"ஓம், ஓம். அப்ப நான் வாறன்" என்றார். தொடர்பு அறுந்தது.

விடைபெறும்போது போறன் என்று சொல்லக்கூடாது. போறன் என்றால் திரும்பாத பயணம். பிறந்தது முதல் எந்த வீட்டுப் படலையைத் தாண்டும்போதும் வாறன் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். அன்றும் வாய் தன் பாட்டில் சொல்லிற்று.

மறுநாள் சந்தையில் அவளுக்கென்று தடித்த ஊதாக் கோட்டொன்று வாங்கி அறைக் கதவில் மாட்டினார். அடுத்த வாரம் அரசாங்கப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. றோஸ்மலர் அக்காவின் போன் மணியடிக்கவேயில்லை.

இலையுதிர் காலத்தில் அக்காவே ஷெட்டுப் போனுக்கு அழைத்தார், தமிழ்நாட்டில் அகதி முகாமுக்குப் பக்கத்துக் கடையொன்றிலிருந்து.

"நாங்கள் வள்ளம் ஏறேக்கை அவளின்ரை கையைப் பிடிச்சு இழுத்தனான் தம்பி. மாட்டன் எண்டிட்டாள். 'அவர் வாறன் எண்டு சொன்னவர் அக்கா. வந்து பூட்டின கதவைப் பாத்தா என்ன நினைப்பார்?' எண்டவள்."

"நான் எப்ப அக்கா அப்பிடிச் சொன்னனான்?"

"கடைசியா எடுத்தனீரே, அண்டைக்கு. போனை வைச்சிட்டு என்னைக் கட்டிப்பிடிச்சவள். 'கூட்டிக்கொண்டு போக வாறாராம்' எண்டு ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வெள்ளையும் அடிச்சவள்."

ஜம்புநாதன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பிறகு அந்தப் பக்கம் வீடுகள் எரிஞ்சதாம். அவளைக் கண்டதா ஒருத்தரும் சொல்லேல்லை. தம்பி, நீர் ஏன் வரேல்லை?"

அவர் முகாமில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். அது விடைபெறச் சொன்ன வாறன்தான் என்று விளக்கினால், அவளுடைய அன்றைய சிரிப்பும் பொய்யாகிவிடும் போலிருந்தது.

தவநாயகியைப் பற்றி எந்தத் தகவலும் வரவேயில்லை. தாங்கிகளைப் பற்றித்தான் அவ்வப்போது வந்தது. யாரோ குத்தகை கேட்டார்கள், யாரோ பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். ஜம்புநாதன் கோயிலில் அந்தக் கதை தொடங்கினால் இலையை மடித்துக்கொண்டு எழும்பிவிடுவார். வேலை முடிந்து கிளம்பும்போது யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. கையை மட்டும் உயர்த்துவார். கோட்டு கதவிலேயே தொங்கியது.

சில வருடங்கள் கழித்து இளங்கோவனுக்குச் சிங்கப்பூருக்கே மாற்றலானது. விடைபெற ஷெட்டுக்கு வந்தவர், காசு நீட்டும் துவாரத்தினூடாகக் கையைக் கொடுத்தார்.

"அப்ப நான் வரேன் அண்ணே."

ஜம்புநாதன் அந்தக் கையை விடவில்லை.

"திரும்பி வருவீரோ தம்பி?"

"எங்க அண்ணே... குடும்பத்தோட போறோம்."

"அப்ப போறன் எண்டு சொல்லும்."

"ஐயோ, அப்படிச் சொல்லக்கூடாதுல்ல!" இளங்கோவன் சிரிக்கப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த முகம் சிரிக்கவில்லை.

"பிழையில்லை. சொல்லும்."

பின்னால் ஒரு வெள்ளைக்காரர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றார்.

"போறேன் அண்ணே."

"ஓம் தம்பி. போம்" என்று கையை விட்டார் ஜம்புநாதன்.