அமாவாசையன்று காக்கையைப் படம்பிடிக்கப் போனவர்கள்

பாண்டி பஜார் நடைபாதையில், ஒரு துணிக்கடை வாசலில், கரடி ஒன்று தன் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டும்போது அந்த வாடை வந்தது. ஈர ஸ்பாஞ்சு, ரப்பர் பசை, வியர்வை, இவை மூன்றையும் மறைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கொட்டிய ரோஜாப் பவுடர். முதல் மழையின் மண்வாசனைக்கு உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் உருகியிருக்கிறேன், அச்சிலேயே உருகியிருக்கிறேன். ஆனால் இந்த வாடைக்கு எனக்கு வருவது எரிச்சல். இத்தனை வருஷம் கழித்தும் ஆறாமல், புளித்துக்கொண்டே இருக்கிற எரிச்சல். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அப்போது நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். அதாவது, வேலை இல்லை. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சேகர் என்பவர் திடீரென்று ஒருநாள் குழந்தைகளுக்காகத் தொலைக்காட்சித் தொடர் எடுக்கக் கிளம்பினார். ஒரு தெரு, தெருவில் ஒரு மாமரம், மரத்தில் யானை, அணில், காக்கை. யானை எப்படி மரத்தில் இருக்கும் என்று கேட்டேன். மரத்தடியில் இருக்கும் என்றார். இவ்வளவு நுட்பமாகக் கேள்வி கேட்கிறவன் எழுத்தாளனாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார். "கொழந்தைங்களுக்குத்தானே, லேசா எழுதுங்க போதும்." இந்த லேசை நம்பிக் கெட்டவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தால் தலைவர் பதவிக்கு நான் போட்டியிடுவேன்.

சைதாப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி, முன்பு மரக்கடையாக இருந்த ஒரு தகரக் கொட்டகை. அந்தத் தகரத்துக்கு அடியில் யானை. யானைக்கு உள்ளே ஒரு மனிதர். அந்த மனிதருக்கு உள்ளே அவர் காலையில் சாப்பிட்ட இட்லி, எந்த நிமிஷமும் வெளியே வந்துவிடுவேன் என்று. சாயங்காலமானால் உடைகளைப் பிழிந்து கொடியில் காயப்போடுவார்கள். யானைத் தோலும் அணில் வாலும் காற்றில் ஆட, தாம்பரம் வண்டியின் ஜன்னலெல்லாம் வாய் பிளந்து போகும்.

வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வசனங்களை முதலிலேயே தனியாக ஒலிப்பதிவு செய்துவிடுவார்கள். யானை, அணில் எல்லாவற்றுக்கும் குரல் ஒரே அம்மாள்தான், அடையாறில் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். கொட்டகையில் அந்த டேப்பை ஓடவிடுவார்கள். உடைக்குள் இருப்பவர் சொல்லுக்கு ஒரு தடவை தலையை ஆட்ட வேண்டும். பொம்மைத் தலைக்கு வாய் அசையாது அல்லவா, அதனால் தலை ஆடினால் பேசுகிறது, ஆடாவிட்டால் கேட்கிறது. அவ்வளவுதான் கலை. நான் வாக்கியத்தை நீட்டினால் யானைக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். என் உவமைகள் உச்சத்தில் இருந்த காலத்தில் யானை என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டது.

காக்கைக்கு மட்டும் அந்த அம்மாள் குரல் கொடுக்க மறுத்துவிட்டார். மார்கழி வருகிறது, கரகரவென்று பேசினால் தொண்டை என்னாவது என்றார். நியாயம்தான். காக்கைக்குப் போய் எதற்குப் பெரிய குரல் என்று சேகர், உடைக்குள் இருந்தவளையே பேசச் சொல்லித் தலைக்குள் ஒரு மைக்கைக் கட்டிவிட்டார்.

உடைக்குள் இருந்தவள் தேவி. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் குடியிருந்தாள். குள்ளம். அவளை எடுத்ததற்கு, தைத்து முடித்த காக்கை உடைக்குள் அவள் ஒருத்திதான் நுழைய முடிந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. என் தலைவலி அங்கே தொடங்கியது.

நான் எழுதியிருந்தேன்: "தோழா, இன்று வானம் ஏன் இத்தனை நீலத்தில் நனைந்திருக்கிறது?" விளக்குகள் எரிந்தன, கேமரா ஓடியது, காக்கை அண்ணாந்து பார்த்துச் சொன்னது: "இன்னாபா, மேல யாரோ சொட்டு நீலத்த கவுத்துட்டாங்க போல கீது."

நான் குதித்தேன். தேவி தலையைக் கழற்றினாள். கன்னத்தில் ஸ்பாஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. "அதேதான் சார் சொன்னேன். உன்து நீளமா இருந்துச்சி, மடிச்சி சொன்னேன்."

எல்லாவற்றையும் மடித்தாள். வேட்டி மடிக்கிற மாதிரி என் பத்திகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பேச்சு நடுவில் ரயில் வந்தால் மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். இவள் நிற்கவில்லை. "இரு, வண்டி போவட்டும்" என்று யானையிடம் சொல்லிவிட்டு, ரயில் போகும்வரை இறகைக் கோதிக்கொண்டிருந்தாள். சேகர் அதை வெட்டாமல் அப்படியே வைத்தார். அடுத்த வாரமே மந்தைவெளியில் என் தெருப் பிள்ளைகள், ரயிலே வராத தெருவில், அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் "இரு, வண்டி போவட்டும்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். நீலத்தில் நனைந்த வானத்தை ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. எதிர்வீட்டுச் சிறுமியிடம் நைசாகக் கேட்டுக்கூடப் பார்த்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது சேனலிலிருந்து போன் வந்தது. விளம்பரம் கொடுக்கிற சத்துமாவுக் கம்பெனிக்குக் காக்கை பிடிக்கவில்லையாம். கறுப்பாக இருக்கிறதாம். சனீஸ்வரன் வாகனமாம். அதன் மூஞ்சியில் விழித்துவிட்டு எந்தத் தாய் பிள்ளைக்குச் சத்துமாவு கரைத்துக் கொடுப்பாள் என்று கேட்டார்களாம். முயல் வேண்டுமாம். சேகர் கெஞ்சி ஒரு வாரம் அவகாசம் வாங்கினார். காக்கையை வைத்து வெளிப்புறத்தில், வெயிலில், பிரமாதமாக ஒரு பாகம் எடுத்துக் கொடுக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். காக்கை போனாலும் தேவிக்கு வேலை போகாது, முயல் உடையிலும் அவளே நுழைவாள். ஆனால் முயலுக்குப் பேச அடையாறு அம்மாள் தயாராக இருந்தார். முயல் கரகரப்பாகப் பேசாது அல்லவா.

இது தேவிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் என்னிடம் வந்தாள். வழக்கமாக என் தாள்களைக் கையில்கூட வாங்கமாட்டாள். அன்று என்னையே முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்து முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "இந்த தபா நீ எழுதனத அப்டியே சொல்லிட்றேன் சார். ஒரு வார்த்த மாத்தல" என்றாள். நான் மகிழ்ந்துபோனேன் என்று எழுதத்தான் ஆசை. மகிழவில்லை. அதற்கும் எரிச்சல்தான் பட்டேன்.

இனி நாள் குறித்த கதை. சேகர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "நெறஞ்ச அமாவாசை வருது. அன்னைக்கு எடுத்தா ஒரு தடங்கலும் வராது." எல்லோரும் ஆமாம் என்றோம். இடம், மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால், சேகருக்குத் தெரிந்த ஒரு மாமா மாமி வீட்டு மொட்டைமாடி. அதற்கும் ஆமாம் என்றோம். காட்சி, அணிலை ஏமாற்றக் காக்கை செத்ததுபோல் மல்லாந்து கிடக்கிறது, கடைசியில் துள்ளி எழுந்து பேசுகிறது. அதற்கும் ஆமாம். மின்கம்பத்தில் அடிபட்டு ஒரு காக்கை கீழே விழுந்தால் தெருக் காக்கையெல்லாம் கூடி எப்படிக் கரையும் என்பதை, பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கும் நாங்கள் அத்தனை பேரும் பார்த்திருக்கிறோம். அமாவாசையன்று மதியம் மயிலாப்பூர் மாடிகளில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். தனித்தனியாகத் தெரிந்தது. சேர்த்துவைத்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

தேவி மல்லாந்து படுத்தாள். தளத்தில் பதித்த தட்டோட்டின் சூடு உடையைத் தாண்டி முதுகில் ஏறியிருக்கும், அசையவில்லை. ஆன்டெனாவில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணால் பார்த்தது. பறந்துபோனது. பரவாயில்லையே, ஒத்துழைக்கிறதே என்றார் கேமராக்காரர். அது சொந்தபந்தத்தைக் கூட்டிவரப் போயிருந்தது.

பிறகு வந்தது கூட்டம். கபாலி கோபுரப் பக்கமிருந்து, மாட வீதிகளிலிருந்து, லஸ்ஸிலிருந்து, கிழிந்த கறுப்புத் துணிகளாக வானமே வந்து எங்கள் மேல் விழுந்தது. கைப்பிடிச் சுவரெல்லாம் காக்கை. தண்ணீர்த் தொட்டியெல்லாம் காக்கை. அணிலின் காதைக் கொத்தின. கேமராவின் குடையைக் கொத்தின. மைக்கில் தேவியின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது: "சார், எந்திரிக்கலாமா, இன்னும் சாவணுமா?"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தோம். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர், கையில் இலை, இலையில் சோறு, அண்ணாந்தபடி கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போக ஒரு காக்கை இல்லை. முன்னோருக்குப் படைத்ததைக் காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. எதிர்மாடியிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் கூப்பிட்டார். "யோவ் ஷூட்டிங்கு, எங்கப்பா சோத்துக்குக் காத்துக்கினு கீறாருய்யா." காலமாகிவிட்ட அப்பாவைத்தான் சொன்னார்.

கீழேயிருந்து வீட்டு மாமி சாதக் கிண்ணத்தோடு ஏறி வந்தார். கோபமாக இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "உங்க காக்காவைக் கொஞ்சம் கீழ எறக்கறேளா? மாமா காலம்பற தர்ப்பணம் பண்ணிட்டு அப்படியே ஒக்காந்திண்டிருக்கார். சர்க்கரை ஒடம்பு. நான் எப்ப எலையப் போடறது?"

ஒரே ஒரு ஷாட், காக்கை எழுந்துவிட்டால் போய்விடுகிறோம் என்றார் சேகர்.

"அது எழுந்துண்டுட்டா இதுகள் போயிடுமா?"

செத்த காக்கை எழுந்தால் மற்ற காக்கைகள் என்ன செய்யும் என்பது யாருக்குத் தெரியும்? தேவி எழுந்துதான் பார்த்தாள். கூச்சல் இரட்டிப்பானது. தலையைக் கழற்றினாள், கழன்ற தலையைப் பார்த்து இன்னும் கத்தின. கடைசியில் உடையைப் போர்வையில் சுற்றிக் கீழே கொண்டுபோனோம். அப்போதும் அவை நகரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல ஆன்டெனாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தேவி நனைந்த பனியனோடு சுவரோரம் நின்று, மாமியின் கிண்ணத்தை நீட்டி, அவற்றிடம் பேசிப் பார்த்தாள். நான் சாகல, சும்மா நடிப்பு, வந்து துன்னுட்டுப் போங்க, பெரியவரு பசியில கீறாரு என்றெல்லாம். ஒன்றும் இறங்கவில்லை. காக்கை மொழியில் அவளுக்கு இருந்த பெயர் அன்றோடு கெட்டது.

வெகுநேரம் கழித்து, எந்த நியாயமும் இல்லாமல், ஒரு காக்கை இறங்கி ஒரு பருக்கையைக் கொத்தியது. மாடிக்கு மாடி தகவல் பறந்தது. மாமா சாப்பிட உட்கார்ந்தார். எங்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாமி சம்மதிக்கவில்லை. வாழைக்காய்க் கறி, வடை, பாயசம். நாங்கள் இலையை மூடி எழுந்து மாடிக்குப் போனபோது வெயிலும் சாப்பிடப் போயிருந்தது. மயிலாப்பூர் முழுக்க ஒரு சாம்பல் நிற மேகம். கைகழுவிய ஈரம் காய்வதற்குள் மழை. கேமராவை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காக்கை எழுந்து பேசும் காட்சி எடுக்கப்படவேயில்லை. அந்த வசனத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள், முழுசாக, மடிக்காமல். சேகர் எடுத்தவரை ஒட்டிச் சேனலுக்குக் கொடுத்தார். அவர்கள் அதை அப்படியே ஒளிபரப்பினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பார்த்தது, காக்கை மல்லாந்து விழுகிறது, அணில் அழுகிறது, முடிந்தது. அடுத்த வாரம் முயல். எதிர்வீட்டுச் சிறுமி என்னைத் தெருவிலேயே மறித்து, காக்கா செத்துப்போச்சா என்று கேட்டாள். இல்லை, சும்மா நடிப்பு என்றேன். அப்போ ஏன் எந்திரிக்கல என்றாள். நீங்களே சொல்லுங்கள், அமாவாசை, அடையாறு அம்மாள், சத்துமாவு, இதில் எதை நான் அந்தக் குழந்தையிடம் சொல்ல முடியும்?

இப்போது அந்தத் தகரக் கொட்டகை இல்லை, அங்கே கண்ணாடிச் சுவருக்குள் இளைஞர்கள் நகராத சைக்கிளை மிதிக்கிறார்கள். டேப்புகளின் மேல் கல்யாணங்களைப் பதிவுசெய்துவிட்டதாகச் சேகரே சொன்னார். மாமி வீட்டு மாடி, அடுக்குமாடியாகி லிஃப்ட் அறையாகிவிட்டது. ஆன்டெனாக்கள் போய்விட்டன. அந்தப் பக்கம் இப்போது புறாக்கள்தான் அதிகம், பால்கனிக்கெல்லாம் வலை. ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே எங்கேயோ குடிவைத்துவிட்டார்கள், அதனால் தேவி எங்கே என்று கேட்கப் போக ஒரு தெரு இல்லை.

அவளைக் கடைசியாகப் பார்த்தது சைதாப்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டில், முயல் உடையைப் போட்டுப் பார்த்த அன்று. கழற்றி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தாள். பேசித் திருப்பி அழைத்துவரச் சொல்லி சேகர் என்னை அனுப்பியிருந்தார். நானும் பேசினேன். வெள்ளைத் துணி, சூடு ஏறாது, பெரிய கண், காதுகூட அழகாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எனக்கே அலுக்கும்வரை அடுக்கினேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். ஒரு படி ஏறினாள். திரும்பினாள்.

"அந்தம்மா பேசுவாங்களாம், நான் உள்ள குந்திக்கினு தலைய ஆட்டணுமாம். அத்த நான் வூட்லயே பண்ணிக்கினுதான் சார் கீறேன். வர்ட்டா."