போர்வையில் ஓர் ஓட்டை

அந்தக் கறுப்புப் போர்வையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. ஹைதராபாத் ஹப்சிகுடாவில் ஓர் அடுக்கு வீட்டின் இரண்டாம் மாடிதான் எங்கள் கம்ப்யூட்டர் கேம் கம்பெனி. பாழடைந்த மாளிகைக்குள் தனியாக அலைந்து, புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளியேறும் திகில் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மே மாத மத்தியான வெளிச்சத்தில் யாருக்குப் பயம் வரும்? அதை வடிவமைத்த அக்கா தன் வீட்டுப் போர்வையைக் கொண்டுவந்து ஜன்னலில் ஆணியடித்தார். ஓட்டை வழியே நுழைந்த வெயில் எதிர்ச்சுவரில் ஒரு ரூபாய்க் காசளவுக்கு விழுந்தது. தைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "ஏட்டி, சும்மா கெடக்கட்டும். எனக்கு அது வேணும்," என்றார். பாளையங்கோட்டைக்காரர், பத்து வருஷ ஹைதராபாத் அவர் பேச்சைத் தொடவே இல்லை. விமர்சனங்கள் நன்றாக வந்தால் அடுத்த விளையாட்டும் அவருடையதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதன் கதையை அவர் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார்.

நான் டெஸ்டர், விளையாடிப் பார்த்துப் பிழைகளை எழுதிவைப்பவள். சேர்ந்து மூன்று மாதம், வேலை நிரந்தரமாகவில்லை. விடை தெரிந்தால் பயம் போய்விடும் என்று அக்கா எந்தப் புதிருக்கும் எனக்கு விடை சொல்லமாட்டார். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அவர் மஞ்சள் காமாலையில் படுத்தார். அப்போதுதான் நான் விளையாட்டில் மூடிய கதவு ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். கையில் விளக்கோடு தள்ளினேன், சாவி தேடினேன், அசையவில்லை. ஹெட்போனில் யாரோ என் பிடரிக்குப் பின்னால் மூச்சு விட்டார்கள். ஒருமுறை விளக்கை அணைத்துப் பார்த்தேன். மூச்சு நெருங்கியது. பத்து வினாடிகூடத் தாங்காமல் ஏற்றிவிட்டேன். பயந்ததைச் சொல்ல வெட்கம். 'கதவு திறக்கவில்லை' என்று பக் லிஸ்டில் எழுதினேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, தமிழில் ஊர் உருதுவைக் கலந்து பேசும் புரோகிராமர் அண்ணா, "கைக்கு, எதுக்கு டென்ஷன்? நான் பாத்துக்கறேன்," என்றார். அக்காவுக்கு ஒரு போன் போடலாமே என்றேன். "நக்கோ, வேணாம். பாவம், படுத்திருக்காங்க." பக்கத்தில் போனாலே கதவு தானாகத் திறக்கும்படி மாற்றிவிட்டார். விளக்கோடு உள்ளே போனேன். செங்கல் சுவர். எந்தச் செங்கல்லை அழுத்துவது என்று தெரியாமல் வரிசையாக எல்லாவற்றையும் அழுத்தித் தப்பித்தேன்.

வெளியானதும் வந்த முதல் விமர்சனத்தை முதலாளி எங்களை நிற்கவைத்துச் சத்தமாக வாசித்தார். தானாகத் திறந்த கதவைக் கண்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். கைதட்டினோம். அடுத்த வரி, செங்கல் அறை வெறும் குருட்டாம்போக்கு, இதை யோசித்தவருக்குப் புதிரே போடத் தெரியாது என்றது. பின்னால் வந்த விமர்சனங்களும் அதையே சொல்லின. கண்ணில் மஞ்சள் இன்னும் தெளியாத அக்கா, "கதவு தானா தொறந்துச்சா?" என்று மெல்லக் கேட்டார். புரோகிராமர் அண்ணா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஒரு க்ளூகூட வைக்காமல் இதென்ன புதிர் என்று முதலாளி தெலுங்கில் எகிறினார். அக்கா என் குனிந்த தலையைக் கவனித்திருக்க வேண்டும். "தப்பு என்னதுதான் சார்," என்றார்.

அடுத்த விளையாட்டு வேறொருவருக்குப் போனது. இரண்டே மாதத்தில் அக்கா வேலையை விட்டார். போகும்போது, கதவை மாற்றுவதற்கு முந்தைய பதிப்பை ஒரு சிடியில் போட்டு என் மேசையில் வைத்தார். "வெளக்க அணச்சிட்டு நாப்பது எண்ணுட்டி. ஓடிராத."

ஆறு வருஷம் அதைத் தொடும் தைரியம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அறையை இருட்டாக்கிவிட்டுப் போட்டேன். அதே கதவு. விளக்கை அணைத்தேன். பத்தில் மூச்சு காதுக்கு வந்தது. இருபதில் கன்னத்துக்கு. முப்பதில் என் விரல் விளக்குப் பொத்தானின் மேல் போய் நின்றது. எண்ணினேன். நாற்பதில் மூச்சு நின்றது, கதவு திறந்தது. உள்ளே இருட்டு. ஜன்னலில் ஒரு கறுப்புப் போர்வை. எதிர்ச்சுவரில், ஒரே ஒரு செங்கல்லின் மேல், ஒரு ரூபாய்க் காசளவு வெயில். விளக்கை ஏற்றினேன், அது காணாமல் போனது. அணைத்தேன், திரும்ப வந்தது.

அந்த விளையாட்டை வாங்கித் திட்டியவர் யாராவது இதை வாசித்தால் சொல்கிறேன்: அந்த அறையில் க்ளூ இருந்தது. கதவைத் திறக்கச் சொன்னது நான்.